பண்டுக்குக் கீழே வீடு

"தம்பி, எங்க தோட்டத்துப் பண்டுல தண்ணி கசியுது. யாருகிட்ட சொல்றது?"

சுங்கை பஞ்சாங்கிலிருந்து ஓர் அம்மா வானொலிக்கு அழைத்துக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். மனசு கேட்காமல் அந்தச் சனிக்கிழமையே அவரைப் பார்க்கப் போனேன்.

செம்பனைக்கு நடுவே ஒரு குளம். அதைத் தாங்கி நிற்பது ஆள் உயர மண்கரை. அந்தக் காலத்தில் நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கட்டியதாம். கரைக்குக் கீழே நாலு வீடுகள். மழைக்கு முன்னால் மதகுப் பலகைகளைக் கழற்றி நீர்மட்டத்தைக் குறைப்பது அம்மாவின் வீட்டுக்காரர் வேலை. அவர் காலமாகிவிட்டார். தோட்டமும் கைமாறிவிட்டது. "புது முதலாளிக்கு இது குளம்தான் தம்பி. பண்டுன்னு தெரியாது" என்றார்.

இங்கே நெல்வயலுக்கு பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்களை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. பெரிய அணைகளுக்கு 2017-இல் வந்த தேசிய பாதுகாப்பு வழிகாட்டி இருக்கிறது. உலக அளவில் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்தால்தான் பொதுவாகப் 'பெரிய அணை'. தனியார் நிலத்து மண்கரை எந்தப் பட்டியலிலும் சிக்காமல் போய்விடுகிறது.

கென்யாவின் சோலாய் என்ற ஊரில் இருந்ததும் தனியார் பண்ணையின் மண் அணைதான். 2018 மே 9 இரவு, கனமழைக்குப் பிறகு அது உடைந்தது. கீழே இருந்த குடியிருப்புகளில் குறைந்தது 48 பேர் இறந்தார்கள். அதற்கு அனுமதியே இல்லை என்று நீர்வள அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். பிறகு!

மண்கரை கசிவது புதிதல்ல. கசியும் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் கரையின் மண்ணையே அரித்துக் கொண்டுவருகிறது என்று பொருள். உள்ளே குழாய் போல ஓட்டை வளரும். வெளியே ஒன்றும் தெரியாது. பட்டுப்போன மரத்தின் வேர், உடும்புப் பொந்து, கரைக்கு அடியில் துருப்பிடித்த பழைய குழாய் எல்லாம் அதற்கு வழிவிடும். மதகு அடைத்துத் தண்ணீர் கரைமேல் வழிந்தால் இன்னும் மோசம். சில மணி நேரத்தில் அறுத்துவிடும். அந்தக் கரையில் யாரோ செம்பனைக் கன்று வேறு நட்டிருந்தார்கள்!

தேதியோடு படம் எடுத்து நில உரிமையாளர், வடிகால் நீர்ப்பாசன இலாகா, மாவட்ட அலுவலகம் மூன்றுக்கும் எழுத்தில் கொடுங்கள். தண்ணீர் கலங்கினாலோ கரை சரிந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் வீட்டைவிட்டு வெளியேறி 999-க்கு அழையுங்கள். வானொலியில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்.

அம்மாவும் நானும் சேர்ந்து அந்தக் கடிதத்தை எழுதினோம். கசிவு நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தோம். தெளிவாக இருந்தது. தேதி எழுதி ஜன்னலில் வைத்தார். ஒவ்வொரு மழைக்கும் ஒரு போத்தல் பிடித்து வைக்கிறார். போன வாரம் ஏழாவது.

மதகுப் பலகைகள் இன்னும் கழற்றப்படவில்லை.