முகப்புப் படத்தில் ஒரு மீசை

2017 அக்டோபரில் குஜராத்தின் தலித் இளைஞர்கள் பலர் தமது வாட்ஸ்அப் முகப்புப் படத்தை மாற்றினர். முறுக்கிய மீசை, அதன் கீழ் ஒரு கிரீடம், ‘மிஸ்டர் தலித்’ என்னும் சொற்கள்: இவையே அந்தப் படம். காந்திநகர் மாவட்டம் லிம்போதரா கிராமத்தில், மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாக எழுந்த புகாருக்கு அவர்கள் அளித்த பதில் அது. மீசையை முறுக்கியபடி தற்படம் எடுத்துப் பகிர்ந்தவர்களும் உண்டு.

சமூக ஊடகத்தில் படம் பகிர்வதைத் தற்பெருமை என்று ஒதுக்குவது எளிது. தோற்றத்துக்காக ஒருபோதும் அடிபடாதவர்களுக்கே அந்த விளக்கம் போதுமானது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதி திராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது, சட்டையும் பனியனும் கூடாது, தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது. ஜே. எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். கண்ட மாத்திரத்தில் சாதி தெரிய வேண்டும் என்பதே இத்தடைகளின் நோக்கம். 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், சேலை கட்டும் முறையையும் நகைகளையும் மாற்றச் சொன்னதும் இதனால்தான்.

கைபேசி, தோற்றத்தைத் தீர்மானிக்கும் உரிமையைப் படத்தில் இருப்பவரிடமே தருகிறது. ஆனால் அப்படத்தை அதே ஊரின் ஆதிக்கச் சாதியினரும் பார்க்கிறார்கள். 2024 ஜூலையில் குஜராத்தின் சபர்காண்டா மாவட்டத்தில், தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த படத்தைப் பகிர்ந்ததற்காகத் தாக்கப்பட்டதாக ஒரு தலித் இளைஞர் புகார் அளித்தார். தெருவில் இருந்த தடை திரைக்கு இடம் மாறியிருக்கிறது.

மீசைப் படத்தின் வலிமை இங்கேதான் விளங்குகிறது. தனியொருவரின் முகம் எளிதில் இலக்காகும். ஆயிரம் பேர் ஒரே படத்தை வைத்தால் யாரைத் தண்டிப்பது? எனினும் படங்கள் மீண்டும் மாறிவிடும். தாக்கப்பட்டவர் அதே ஊரில்தான் வாழ வேண்டும். ஆகவே சட்டத்தையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மீசையை வலுக்கட்டாயமாக மழிப்பதையும், பொது இடத்தில் புத்தாடையோ செருப்போ அணிவதைத் தடுப்பதையும் குற்றங்களாகக் குறிப்பிடுகிறது. இணையவழிச் சாதி இழிவும் இச்சட்டத்துக்குள் வரும் என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் கூறியது. எனவே மிரட்டல் பதிவு வந்தால், அது நீக்கப்படுவதற்கு முன்பே நாளும் இணைப்பு முகவரியும் தெரியும்படி திரைப்பதிவு எடுத்துப் பாதுகாக்க வேண்டும்.

நல்ல சட்டை அணிந்து ஒரு படம் பகிர்வது பிறருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். நமக்கோ அது நம் பாட்டன் பாட்டியருக்கு மறுக்கப்பட்ட உரிமை. அதை அச்சமின்றிப் பயன்படுத்தும் சூழலை உருவாக்குவது நம் அனைவரின் பொறுப்பு.