‘சுராங்கனி’யும் சுரத்தாளும்: மாற்றமைப்பினை மதிப்பிடல் பற்றிய ஒரு குறிப்பு

ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’யைப் பசறைத் தோட்டப்புறங்களில் அறியாதார் அரியர். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்துள்ளும் அது புகுந்தது. ஆயின் எழுத்திலே பிறந்த பாடலன்று அது. கிற்றாரும் கையொலியும் கூடிய அரங்கிலே வளர்ந்தது. இத்தகைய பாடலொன்று பியானோவுக்கான சுரத்தாளாக மாற்றப்படும்பொழுது, அம்மாற்றமைப்பின் தரத்தை எவ்வாறு துணிவது?

மெட்டுப் பிசகாதிருத்தலே அளவுகோல் என்பர் பலர். இது பாதி உண்மையே. பொப் பாடலிலும் றொக் பாடலிலும் ஒரே சுரத்தின்மீது பல அசைகள் அடுக்கப்படுவதுண்டு. பாடகரின் குரல் அவற்றுக்கு உயிரூட்டும்; பியானோவிலோ தட்டிய சுரம் உடனே தேயத் தொடங்கும். ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு என வலக்கைக்கு எழுதினால் எஞ்சுவது சம்மட்டியோசை. எதனை விடுவது என்பதை அறிந்தவனே தேர்ந்த மாற்றமைப்பாளன்.

இடக்கையே உண்மையான உரைகல் என்பது எமது கருத்து. பைலாவின் ஆறெண்ணிக்கைத் தாளம், மும்மூன்றாகவும் இரண்டிரண்டாகவும் பிரிந்து தன்னோடு தானே முரணி நிற்பது. ‘ஒரு தாழ்சுரம், இரு கோர்வைகள்’ எனச் சீராக எழுதிவிட்டால் அது துரைமார் பங்களாவின் வால்ட்ஸ் நடனமாகிவிடும். சுரங்கள் யாவும் சரியாயிருக்கும், பாடல் இராது.

அச்சிட்ட தாளே மூலம் என்னும் மயக்கமும் களையப்படவேண்டியது. லெனனும் மக்கார்ட்னியும் மேலைச் சுரலிபி கற்றவரல்லர். அவர்தம் பாடல்களைத் தாளிலே வரைந்தவை பிறர் கைகள். ஒலிப்பதிவே அங்கு மூலம். குவீன் குழுவினரின் ‘பொஹீமியன் றப்சடி’யில் (1975) பியானோ முன்னரே உண்டு, அதனை எழுதுவது பெரும்பாலும் படியெடுத்தல். கிற்றார்ப் பாடலை எழுதுவதோ மொழிபெயர்த்தல். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

இனி, வர்க்கச் சார்பு. ஊவாவிலே பியானோ பங்களாவுக்குரியதாயிருந்தது, லயத்துக்குரியது தப்பு. விடியலிற் பெரட்டுக்கு அழைத்ததும் மாசியிற் காமன் கூத்துக்கு முழங்கியதும் அதுவே. எனவே ‘எளிய’ மாற்றமைப்பு என்றதும் முகஞ்சுளிக்கும் பரீட்சைப் பண்டிதருடன் நாம் உடன்படோம். சுரங்களைக் குறைப்பது கற்போனுக்குச் செய்யும் உதவி. தாளத்தைத் தட்டையாக்குவது அவனைத் தாழ்வாக மதித்தல். சந்தையில் இவ்விரண்டும் ‘எளியது’ என்ற ஒரே பெயரில் விலைபோகின்றன.

பசறையை அடுத்த தோட்டமொன்றின் கலியாண வீட்டிலே, மின்விசைப்பலகை வாசித்த இளைஞரொருவர் அச்சுத்தாளின்படி தொடங்கியபோது தப்புக்காரர் சும்மாயிருந்தார். பின்னர் அவர் தாளை மூடி, மேலே குறித்திருந்த கோர்வைப் பெயர்களை மட்டும் நினைவிற்கொண்டு, இடக்கையைத் தம் செவிப்படி வாசித்தார். இரண்டாவது சுற்றிலே தப்பு சேர்ந்துகொண்டது.