சவால் வீடியோவும் நமது கடை வியாபாரமும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளர்களை நம்பித்தான் நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம். இன்று அவர்களில் பலர் விடுதி அறையில் இருந்தபடியே கைப்பேசியில் சாமான் வரவழைத்துக் கொள்கிறார்கள். கைப்பேசிக்குள் போய்விட்ட வாடிக்கையாளரைத் தேடி நாமும் அங்கே போக வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு வழி சவால் வீடியோ. இதுபற்றி நாம் அறிந்ததையும் பட்டதையும் எழுதுகிறோம்.

2014ஆம் ஆண்டு ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சவால் உலகெங்கும் பரவியது. ஒரு நரம்பு நோய்க்கு நிதி திரட்டவே அது நடந்தது. அதே ஆண்டு ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி அதை அரிசி வாளிச் சவாலாக மாற்றினார். ஒரு வாளி அரிசியை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, படத்தை வெளியிட்டு, நண்பர்களையும் அவ்வாறே செய்ய அழைக்க வேண்டும். யாரும் செய்யக்கூடியது, ஒரு வரியில் சொல்லக்கூடியது, அடுத்தவரை அழைப்பது. இந்த மூன்றும் இருந்ததால்தான் அது பரவியது.

நாம் முதலில் எடுத்த வீடியோவில் கடை தொடங்கிய வரலாற்றை நிதானமாகச் சொன்னோம். பார்த்தவர்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்பதை யூடியூபே கோடு போட்டுக் காட்டுகிறது. வரலாறு தொடங்கியதுமே கோடு சரிந்துவிட்டது! அடுத்த முறை முதல் வார்த்தையே, "தராசைப் பார்க்காமல் கையால் அள்ளி ஒரு கிலோ துவரம் பருப்பு கட்ட முடியுமா?" என்பதுதான். பருப்பை அள்ளி, பொட்டலம் மடித்து, நூல் சுற்றி, கடைசியில்தான் தராசில் வைத்தோம். எடை என்ன வரும் என்று அறியவே பலர் இறுதிவரை இருந்தார்கள். 40 கிராம் குறைந்து நாம் தோற்றோம். அதையும் வெட்டாமல் காட்டினோம். தோற்றதைக் கேலி செய்யவே மறுநாள் கடைக்குச் சிலர் வந்தார்கள். வந்தவர்கள் சாமானும் வாங்கினார்கள்.

வாரம் ஒரு வீடியோ, அதே கிழமை, ஷிப்ட் விடும் நேரம் என்று வைத்துக்கொண்டால் மக்கள் எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் நாலு வார்த்தை எழுதிப் போடலாம். அவர்களைக் கேலிப்பொருளாக்குவது மட்டும் கூடாது.

சில எச்சரிக்கைகள். தராசில் முத்திரை நடப்பில் இருக்க வேண்டும். அச்சடித்த செய்தித்தாளில் உணவுப் பொருளைக் கட்டக்கூடாது. வீடியோ நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும். வாடிக்கையாளருக்குப் போட்டி வைத்துப் பரிசு தருவதாக இருந்தால் முதலில் வழக்கறிஞரைக் கேளுங்கள். விற்பனையைப் பெருக்க நடத்தும் போட்டிகளையும், முடிவை மறைப்பதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளில் சேர்த்துள்ளது. நமக்கு நாமே சவால் விட்டுக்கொள்வதில் இந்தத் தொல்லை இல்லை.

காரம் தின்னும் சவால் வேண்டவே வேண்டாம். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சவாலுக்கென்றே விற்ற மிகக் காரமான ஒரு சிப்ஸைத் தின்ற 14 வயதுச் சிறுவன் அன்றே இறந்தான். நிறுவனம் அந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. கொரியக் கார நூடுல்ஸில் மூன்று வகைகளை 2024 ஜூனில் டென்மார்க் அரசு திரும்பப் பெறச் சொன்னது. பின்னர் ஒரு வகைக்கு மட்டும் தடை நீடித்தது. கொரிய நிறுவனங்கள் உள்ள நம் பகுதியிலும் அத்தகைய நூடுல்ஸ் விற்கிறது. சிறுவர்கள் பந்தயம் கட்டி வாங்க வந்தால், அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும்.

கடைக்கு ஆள் வர வீடியோ உதவும். வந்தவர் மறுபடி வருவதற்கு என்றும் போல எடையும் தரமும்தான் வேண்டும்.