நான்கு நாள் தாமதம்

சர்க்கார் உத்தியோகத்தில் பதவி உயர்வென்பது மேலதிகாரியின் தயவினால் கிடைக்கும் தானமன்று. தகுதியுள்ள சிப்பந்தி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது அவருடைய அடிப்படை உரிமையென்று 1999-இல் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. ஆனால் உயர்வு பெறுவதே உரிமையாகாது என்பதும் சட்டமே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சந்தில்தான் கச்சேரிகளின் தாமதம் குடிகொண்டிருக்கிறது.

மேற்கு வங்காளத்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். விஞ்ஞான உத்தியோகஸ்தர் ஒருவரை மேற்பதவிக்கு உயர்த்தலாமென்று, அவர் ஓய்வுபெறு முன்னரே பப்ளிக் ஸர்வீஸ் கமிஷன் சிபாரிசு செய்தது. அவர் 2016 டிசம்பர் 31-ஆம் தேதி ஓய்வுபெற்றார். இறுதி அங்கீகாரமோ 2017 ஜனவரி 4-ஆம் தேதி வந்தது. பென்ஷனிலாவது அப்பலனைச் சேர்க்குமாறு நிர்வாக டிரிபியூனல் உத்தரவிட்டது. ஹைகோர்ட்டும் அதை ஆமோதித்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இவற்றை ரத்து செய்தது. மேற்பதவியை ஏற்ற நாள் முதலே உயர்வின் பலன் உண்டு. ஓய்வுபெற்றவர் அப்பதவியை ஏற்க இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தை நாம் குறை கூறவில்லை. காலியான நாள் முதலே உயர்வைக் கணக்கிட்டால், அப்பதவியின் வேலையைப் பாராதவருக்கும் பலன் அளித்ததாகும். எனினும் தாமதித்தவர் ஒருவர், நஷ்டமடைந்தவர் மற்றொருவர் என்பது நீதியாகுமா? குற்றச்சாட்டினால் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் முற்றும் நிரபராதியென விடுவிக்கப்பட்டவருக்கு முன்தேதியிட்டு உயர்வு தரவேண்டுமென்று 1991-இல் அதே கோர்ட் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ள பரிகாரம், எக்குற்றமும் சாட்டப்படாதவருக்கு இல்லாமற்போவது விந்தையே!

ஆகவே பரிகாரத்தைக் கோர்ட்டில் தேடுவதினும் கச்சேரியிலேயே தேடுவது நலம். யார் எந்நாளில் ஓய்வுபெறுவார் என்பது பல்லாண்டுகளுக்கு முன்னரே தெரிந்த விஷயம். காலியாகும் இடங்களுக்குரிய பட்டியலை முன்கூட்டியே தயாரிக்க மத்திய சர்க்கார் 1998-லேயே மாதிரிக் கால அட்டவணை வகுத்தது. அட்டவணை இருந்தால் மட்டும் போதாது; தவறியவர் பதில் சொல்லவும் வேண்டும். கோப்பு எந்த மேஜையில் எத்தனை நாள் கிடந்ததென்று எழுத்தில் விளக்கம் பெறுவதை விதியாக்குக. அதைச் செய்யாமல் சிப்பந்தியைக் கோர்ட் வாயிலுக்கு அனுப்புவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் கதையே.