சலரோகமும் மனமும் சாப்பாடும்

சலரோகம் என்றவுடன் கால் புண்ணும் கண் பார்வையும் சிறுநீரகமும் எமது நினைவுக்கு வருகின்றன, மனம் வருவதில்லை. ஆனால் சலரோகம் உள்ளவர்களிடையே மனச்சோர்வு ஏனையோரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. காணியையும் கிணற்றையும் மாடுகளையும் விட்டு வந்த குடும்பங்களில் கவலைக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. ஆகவே ஒருவர் சோர்ந்து கிடந்தால் "யோசனை கூடிப்போச்சு" என்று விட்டுவிடுகிறோம். அந்தச் சோர்வின் ஒரு பங்கு சாப்பாட்டுக் கோப்பையிலிருந்தும் வரலாம் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

சீனி இறங்கும்போது

எமது உடல் நிறையில் மூளை நூற்றுக்கு 2 பங்கு மாத்திரமே. ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் பிரதான உணவு குருதியிலுள்ள குளுக்கோசு. அதைச் சேமித்துவைக்க மூளைக்கு வசதி இல்லை. எனவே குருதியில் சீனி குறைந்தால் மூளை விரைவில் தடுமாறுகிறது.

குருதியில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது உடல் அதிரினலின் என்னும் ஓமோனைச் சுரக்கிறது. வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத பயம், எரிச்சல் என்பன தோன்றும். இவை பதகளிப்பின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், செல்லடியை அனுபவித்தவர் பழைய பயம் திரும்பிவிட்டதென்று எண்ணுகிறார். சிலர் தொடர்பில்லாமல் பேசுவர். அயலவர் குடிவெறி என்பர், அல்லது பேய் பிடித்தது என்பர். அவ்வேளையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்பதே.

உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். தெளிந்தபின் சோறோ பாணோ உண்ணவேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்சுலின் ஏற்றுவோருக்கும், கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்போருக்கும் இந்த ஆபத்து உண்டு. எம்மிடையே இது நேர்வதற்கு ஒரு துயரமான காரணமும் உண்டு. தாயோ தகப்பனோ தம் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கிளினிக்கில் சொன்னபடி வெறும் வயிற்றோடு குளிசையைப் போட்டுக்கொள்கின்றனர். இது தியாகமாகத் தோன்றினாலும் உயிருக்கே ஆபத்தானது. வீட்டில் சாப்பாடு போதாது என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்ப அவர் மருந்தை மாற்றிக் கொடுக்க முடியும். தவக்காலமானாலும் கந்தசஷ்டியானாலும் அவரைக் கேளாமல் பட்டினி இருக்கவேண்டாம்.

சீனி ஏறும்போது

வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி போட்ட தேத்தண்ணீர் ஆகியவையே நிவாரணத்தில் வாழ்ந்த காலத்தில் எமது பழக்கமாயின. இவை குருதிச் சீனியை விரைவாக ஏற்றுகின்றன. சீனி கூடியவர் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புகிறார். நித்திரை குழம்புகிறது. மறுநாள் உடம்பு பாரம், எதிலும் மனமின்மை, சிறு சொல்லுக்கும் கோபம். கவலையினால் சுரக்கும் ஓமோன்களும் ஈரலைத் தூண்டி மேலும் சீனியை வெளிவிடச் செய்கின்றன. சோர்ந்தவருக்குச் சமைக்க மனம் வராது. தேத்தண்ணீரும் பிஸ்கற்றுமே சாப்பாடாகும். சீனி மறுபடி ஏறும்.

மறைந்திருக்கும் குறைபாடு

மெற்போமின் குளிசையைப் பல ஆண்டுகள் எடுப்போரில் சிலருக்கு உடலில் விற்றமின் பி12 குறைகிறது. இக்குறைபாடு மனச்சோர்வையும் மறதியையும் கால் விறைப்பையும் உண்டாக்கும். இந்த விற்றமின் இயற்கையாக முட்டை, மீன், இறைச்சி, பால் போன்ற விலங்குணவுகளிலேயே கிடைக்கிறது. மரக்கறி மாத்திரம் உண்போர் இதுபற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டும். குளிசையைத் தாமாக நிறுத்தக்கூடாது.

எதை உண்பது?

2017இல் அவுஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில் மனச்சோர்வுள்ள 67 பேர் பங்குபற்றினர். மரக்கறி, பருப்பு வகை, மீன், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றை உண்ண 12 வாரம் வழிகாட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சோர்வு நீங்கியது. பேச்சுத்துணை மாத்திரம் பெற்றவர்களில் இது நூற்றுக்கு 8 பேரே. அவர்கள் சலரோகத்துக்காகத் தெரிவுசெய்யப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் இதே உணவு சலரோகத்துக்கும் உகந்தது.

இவ்வுணவு எமக்குப் புதியதன்று. கோப்பையில் அரைவாசி கீரையும் மரக்கறியும், கால்வாசி பருப்பு, பயறு, கௌபி அல்லது மீன், மிகுதிக் கால்வாசி சிவப்பரிசிச் சோறு என்று வைத்துக்கொள்ளலாம். நெத்தலியும் சூடையும் மலிவானவை, மூளைக்கு நல்ல கொழுப்பைத் தருபவை. குடிசை வாசலில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றலாம். கிணற்றடிக் கழிவுநீர் ஓடும் இடத்தில் பொன்னாங்காணி வளரும்.

இரண்டு தவறான எண்ணங்களைக் களையவேண்டும். பனங்கட்டியும் சீனிதான். குரக்கன் கோதுமை மாவைவிட நல்லது. ஆனால் அதிலும் மாச்சத்து உண்டு, ஆகவே அளவோடு உண்ணவேண்டும்.

நோயாளிக்கென்று வேறு சட்டி வைக்காதீர்கள். எல்லோரும் உண்பதையே அவரும் உண்டால் "நான் வீட்டுக்குப் பாரம்" என்னும் எண்ணம் குறையும். கொத்திப் பயிரிட்டுப் பழகியவர் கையில் ஒரு பாத்தியைக் கொடுங்கள். உடலுழைப்பு சீனியையும் குறைக்கும், மனதையும் தேற்றும்.

உணவு மாத்திரம் எல்லாத் துயரத்தையும் ஆற்றாது. இரண்டு வாரத்துக்கு மேலாக ஒருவர் நித்திரையின்றி, எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, சாவைப்பற்றிப் பேசினாலோ தாமதிக்கவேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள், அல்லது 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். அடுத்த கிளினிக் நாளில் சீனி எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், மனம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.