வேஷம் கலைந்த பிறகு...
கடலூர் எழுத்தாளர் படைத்த நடிகை கல்யாணி

சிதம்பரத்தில் ஆண்டவனே கூத்தாடுகிறார். கோபுர வாசல்களில் 108 நடனக் கரணங்களும் சிற்பங்களாக நிற்கின்றன. கலையை அங்கே கும்பிடுகிறோம்.

ஆனால், வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் கலைஞரின் மனம் என்ன பாடுபடும்?

இதைக் கதையாக்கியவரும் அதே கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர்தான். அவர் ஜெயகாந்தன்! 1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எழுத்தால் உயர்ந்து ஞானபீட விருது பெற்றார். 2015-ல் மறைந்தார்.

அவருடைய 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' தொடர்கதையாக வந்தது. 1978-ல் சினிமா ஆயிற்று. டைரக்டர் 'பாசமலர்' புகழ் ஏ.பீம்சிங். அவர் காலமானதும் அதே ஆண்டில்தான்.

கணவனே விமர்சகன்!

கல்யாணி நாடக நடிகை. அந்த வேடத்தில் லட்சுமி நடித்தார். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர் அவர்.

ரங்கா பத்திரிகையில் நாடக விமர்சனம் எழுதுகிறவன். மனைவியை இழந்தவன். இந்த வேடம் ஸ்ரீகாந்துக்கு. இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டுக் கல்யாணமும் நடக்கிறது.

அப்புறம்தான் வினை! வீட்டில் அடிதடி இல்லை. வில்லனும் இல்லை. மனைவியின் அன்பு போதவில்லை என்பதே ரங்காவின் குறை. மேடையில் குற்றம் காணும் கண்ணை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டான்!

கல்யாணியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மேடையில் காதல் வசனம் பேசுவது அவள் தொழில். வீட்டிலும் பேசினால் நடிப்பு என்பார்கள். பேசாவிட்டால் அன்பில்லை என்பார்கள். அவள் என்னதான் செய்வாள்?

வக்கீல் கேட்ட கேள்வி

விவாகரத்துக்கு வக்கீலிடம் போகிறார்கள். காரணம் கேட்கிறார் வக்கீல். சொல்வதற்கு ஒரு சண்டைகூட இல்லை! பிரிந்து வாழ்கிறார்கள்.

பிறகு கல்யாணியின் கால்கள் செயலிழக்கின்றன. செய்தி கேட்ட ரங்கா திரும்பி வருகிறான். கூடவே இருந்து பணிவிடை செய்கிறான்.

மேடை ஏறி நடித்தவள் இனி மேடையைப் பார்க்கத்தான் முடியும். தலைப்பின் பொருள் அப்போது விளங்குகிறது.

அவள் சொந்தக் காலில் நின்றபோது அது ரங்காவுக்குக் குறையாகப் பட்டது. அவள் விழுந்த பிறகுதான் அவனுக்குத் தன் அன்பே தெரிந்தது. நிற்கும்போதே அதைக் கண்டிருந்தால் வக்கீல் வீட்டுப் படியை அவர்கள் மிதித்திருக்க வேண்டாமே!