தெளிந்த நீரும் தூய நீரும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீச, குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. அங்கே பாசறை அமைத்துத் தங்கும் மாணவர்க்கு, பளிங்கென வீழும் அருவி நீரைக் கையேந்திப் பருகத் தோன்றும். பிழை அங்கேதான் நேர்கிறது.

திரிகூட மலையில் தோன்றும் சிற்றாறு, செண்பக அருவியைக் கடந்தே பேரருவியாக இறங்குகிறது. வழியில் விலங்குகளின் கழிவும், நீராடுவோரின் அழுக்கும் அதில் கலக்கக்கூடும். நோய்க்கிருமிகளோ கண்ணுக்குப் புலப்படா.

1854இல் இலண்டன் பிராடு தெருவில் காலரா பரவியது. அத்தெருவின் அடிகுழாய் நீரின் சுவையை விரும்பி, அதைத் தொலைவிலிருந்து வரவழைத்துப் பருகிய மூதாட்டி ஒருவரும் மாண்டார். அந்நீரே நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவர் ஜான் ஸ்நோ சான்றுகளுடன் காட்டினார்.

ஆகவே, பாசறையில் செய்யவேண்டுவது என்ன? கலங்கல் நீரை முதலில் தெளியவைத்து வடிகட்டுங்கள். தேற்றாங்கொட்டை கலங்கலை அடியில் படியச்செய்யும். ஆயினும் அதன்பின் கொதிக்கவைப்பது இன்றியமையாதது. நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடமேனும் அடுப்பில் இருக்கட்டும். தொட்டி நீராயின், தெளிந்த 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

காய்ச்சிய நீரில் கைபடலாகாது. மூடிவைத்து, பிடியுள்ள அகப்பையால் மொள்ளுங்கள். கழிப்பிடம் நீர்த்துறைக்குக் கீழ்ப்புறமாக, தொலைவில் அமைக.

சாரலில் விறகு நனையும். 'இன்று ஒருநாள் காய்ச்சாவிட்டால் என்ன?' என்று சோம்பல் கேட்கும். அந்த ஒருநாளுக்காகவே உலர்ந்த விறகை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். அருவி நீராடுவதற்கு, பருகுவதற்குக் காய்ச்சிய நீர்.